குறிப்புகள் என்ற கட்டம்

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு விடுமுறையில் ஓர் அருங்காட்சியகத்தில் பத்து வாரம் பயிற்சியாளராக இருந்தேன். பொறியியல் படிக்கிறவனுக்கு அங்க என்னடா வேலைன்னு வீட்டில் கேட்டார்கள். பழைய பதிவேட்டைக் கணினிக்கு மாற்ற அவர்களுக்கு ஆள் தேவை. எனக்கு ரெஸ்யூமேயில் ஒரு வரி தேவை.

வரும் பொருளுக்கு முதலில் எண் கொடுக்க வேண்டும்: வந்த ஆண்டு, அந்த ஆண்டின் எத்தனையாவது நன்கொடை, அதில் எத்தனையாவது பொருள். பிறகு அளவு, என்ன பொருளால் செய்தது, இப்போதைய நிலை. ஒருநாள் ஓர் ஆண்ட்டி பால்வெட்டும் கத்தி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அவர் அப்பாவுடையது. மரக் கைப்பிடி விரல் பிடித்த வாகுக்கே குழிந்திருந்தது. பொறியாளன் புத்திக்குத் தேய்மானம் என்றால் சேதம்தான். அப்படியே எழுதினேன்.

"அப்பா பேரு போடுவீங்கதானே தம்பி?"

"கண்டிப்பா ஆண்ட்டி."

என் கடைசி வாரத்தில் கண்காட்சி திறந்தது. லேபிளில் பெயர் இல்லை. ஆண்ட்டி அதை இரண்டு முறை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பொறுப்பாளரிடம் கேட்டேன். மூன்று மொழியில் எழுதணும், இடம் இல்லை என்றார். அதோடு, இந்தக் கத்தி பால்மரம் வெட்டிய எல்லாருக்காகவும் இங்கே இருக்கிறது என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஒரு பெயரைப் போட்டால் மற்ற ஆயிரக்கணக்கானவர்களை விட்டதாக ஆகாதா?

ஆனால் அதே சுவரில் ஹென்றி ரிட்லி பெயரோடு இருந்தார். 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888 முதல் 1911 வரை அங்கே தாவரவியல் தோட்ட இயக்குநராக இருந்த ரிட்லிதான், மரம் சாகாமல் பால் எடுக்கும் வெட்டுமுறையை உருவாக்கினார். அவர் பெயர் இருக்க வேண்டியதுதான். ஆனால் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவி, உள்மரத்தில் காயம் படாமல், விடியுமுன் மரம் மரமாக அதைச் செய்தது வேறு கைகள். கண்டுபிடித்தவர் தனி மனிதர். செய்தவர்கள் ஒரு வகை. 'எல்லாருக்காகவும்' என்ற நல்ல சொல் ஏன் ஒரு பக்கத்துக்கு மட்டும் பொருந்துகிறது?

இப்படிக் கேட்பது எனக்கு வசதி. லேபிள் என் கையில் இல்லை, சரி. பதிவேடு என் கையில்தான் இருந்தது. அதன் கடைசியில் 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம். எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். அப்பா பேர், எந்தத் தோட்டம், எத்தனை வருஷம் வெட்டினார், எல்லாம் ஆண்ட்டி சொன்னார். அன்றைக்கு இன்னும் பதினொரு பொருள் பாக்கி. கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.

'120 பொருட்களை ஆவணப்படுத்தினேன்' என்று ரெஸ்யூமேயில் எழுதினேன். முதல் வேலைக்கான நேர்காணலில் அதைப் பற்றித்தான் ஆர்வமாகக் கேட்டார்கள். நான் அனுபவம் என்று சேர்த்ததில் பெரும்பகுதி இன்னொருத்தருடைய அனுபவம். அது கடன். திருப்பித் தருகிற வழி சில சமயம் ஒரு கட்டம் அளவுக்குத்தான் திறந்திருக்கும், அதுவும் கொஞ்ச நேரம்.

பயிற்சிக்குப் போகலாமா என்று தம்பி தங்கைகள் கேட்டால், போங்க என்றுதான் சொல்கிறேன்.

அந்தக் கத்தியின் எண் எனக்கு இன்னும் மனப்பாடம். அவர் பெயர் ஞாபகம் இல்லை.