கேட்பது யார்?

'கேள்' என்னும் தமிழ் வினைச்சொல் இருபொருள் தருவது. பிறர் சொல்வதைச் செவியில் ஏற்பதும் கேட்டல். அறியாததைப் பிறரிடம் வினவுவதும் கேட்டல். திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்குக் 'கேள்வி' என்று பெயர். அங்கே அச்சொல் வினாவைக் குறிக்கவில்லை. கற்றறிந்தோர் சொல்லுக்குச் செவிகொடுக்கும் பண்பையே குறிக்கிறது. செவிகொடுப்பவனே நல்ல வினாவையும் எழுப்ப வல்லவன் என்று நம் முன்னோர் கருதினர் போலும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துச் சென்றனர்.

இவ்விரு பொருளையும் ஒருங்கே தாங்கிய ஒரு பெட்டி இன்று நம் இல்லங்களில் இடம்பிடித்து வருகிறது. பார்வைக்கு அது பாட்டனார் காலத்து வானொலி. முன்புறம் துணி அல்லது கம்பி வலை, திருகும் குமிழ்கள், பக்கங்களில் மரம் அல்லது தோல் போன்ற போர்வை. உள்ளே இருப்பதோ முற்றிலும் வேறு. கம்பியின்றி இணையத்தோடு உறவாடும் கணிப்பொறி அது. பெயர் சொல்லி அழைத்தால் விழித்துக்கொள்ளும். கேட்ட பாடலைப் பாடும். கேட்ட கேள்விக்கு விடை கூறும். இதனை வாங்கலாமா என்பது பொருளாதாரம் பற்றிய கேள்வியாக மட்டுமே தோன்றும். சற்று நின்று எண்ணிப் பார்த்தால், இதில் உண்மையைப் பற்றிய ஒரு கேள்வியும், உறவைப் பற்றிய ஒரு கேள்வியும் அடங்கியிருப்பது விளங்கும். அவற்றையே இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

பழைய முகம்

வால்வு வானொலி வீட்டில் இருந்த காலத்தை மூத்தோர் அறிவர். குமிழைத் திருகியதும் அது பேசிவிடாது. வால்வுகள் சூடேறும்வரை வீட்டார் காத்திருக்க வேண்டும். கூரைமீது ஏரியல் கம்பி கட்ட வேண்டும். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். இவ்வுரிம முறை 1980களின் நடுப்பகுதிவரை நீடித்தது. சென்னை வானொலி நிலையம் 1938இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதன் பின்னும் நெடுங்காலம், சொந்த வானொலி இல்லாதவர்கள் ஊராட்சி வானொலியின் ஒலிபெருக்கி அருகே கூடி அமர்ந்தே செய்தி கேட்டனர். வானொலி அன்று ஒருவருடைய உடைமையாக இருந்தபோதும் பலருடைய செவிக்கு உரியதாக இருந்தது.

அந்த நினைவுக்கு இன்று சந்தையில் விலை உண்டு. முன்னாள் கிராமபோன் கம்பெனி ஆப் இந்தியாவான சரிகம நிறுவனம், 2017இல் 'கார்வான்' என்னும் பெட்டியை வெளியிட்டது. பழைய டிரான்சிஸ்டரின் வடிவும், தமிழ்ப் பதிப்பில் முன்கூட்டியே பதிந்து வைக்கப்பட்ட 5000 பாடல்களும் கொண்ட அது, பெற்றோருக்கு ஏற்ற பரிசு என்றே விளம்பரம் செய்யப்பட்டது. அதில் பதிந்த பாடல்களைக் கேட்க இணையம் வேண்டுவதில்லை. மேலைநாட்டில் கிதார் ஒலிபெருக்கிகளுக்குப் பெயர்பெற்ற மார்ஷல், 1960களின் தோற்றத்தை அப்படியே கொண்ட வீட்டு ஒலிபெருக்கிகளுக்குத் தன் பெயரை வழங்கியது. 2018இல் அவற்றுள் சில, குரல் கட்டளையை ஏற்கும் 'அலெக்ஸா'வோடு வெளிவந்தன. முன்னது பழைய முகமும் பாடும் வாயும் மட்டும் உடையது. பின்னதற்குப் பழைய முகத்தோடு செவியும் உண்டு. வேறுபாடு சிறிதன்று.

தோலும் தோல் போன்றதும்

பழைய தோற்றத்தைப் புதிய பொருளுக்குப் போர்த்துவது பொய்யாகுமா? இக்கேள்வியை எடைபோட நம் வேலூர், இராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரத்து மக்களைவிடத் தகுதியுடையோர் அரியர். ஆவாரம் பட்டையில் தோலைப் பதனிட்ட காலம் முதல் குரோமியப் பதனீட்டுக் காலம் வரை, தலைமுறை தலைமுறையாகத் தோலோடு வாழ்ந்தவர்கள் இவர்கள். விரலால் தடவியே ஆட்டுத்தோலா மாட்டுத்தோலா என்று சொல்வோர் இங்கு உண்டு. மயிர்க்கால்களின் அமைப்பு அவர்களுக்கு எழுத்துப் போன்றது. ஐயம் வந்தால் ஒரு துணுக்கை நெருப்பில் காட்டுவர். தோலானால் மயிர் கருகும் நாற்றம் வரும், ரெக்சினானால் உருகிச் சுருளும்.

இத்தொழிலில் மற்றொரு வழக்கமும் உண்டு. தழும்பும் கீறலும் உள்ள தோலின் மேற்பரப்பைத் தேய்த்தெடுத்து, அதன்மேல் நிறம் பூசி, சூடான தகட்டால் அழுத்திச் செயற்கையான ரேகைகளைப் பதிப்பர். அதுவும் தோல்தான், அதன் முகம் மட்டும் செய்யப்பட்ட முகம். வாங்குவோருக்கு இன்னதென்று சொல்லி விற்கும்வரை அதில் குற்றமில்லை. முழுமுகத் தோல் என்று சொல்லி, அதற்குரிய விலையை வாங்கும்போதே அது வஞ்சகமாகிறது.

புனித அகுஸ்தீனார் பொய்யைப் பற்றி ஆராய்ந்தபோது, ஏமாற்றும் நோக்கத்தையே அதன் உயிர்நிலையாகக் கண்டார். அவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால், பழைய வானொலி போன்ற புதுப்பெட்டி தன்னளவில் பொய்யன்று. அதை 1960இல் செய்தது என்று யாரும் நம்பி வாங்குவதில்லை. அழகு கருதியோ நினைவு கருதியோ அமைத்த வடிவம் அது. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. பழைய டிரான்சிஸ்டருக்குத் துளையிட்ட தோலுறை போட்டதற்குக் காரணம் இருந்தது. தூசி படியாமலும், தோளில் தொங்கவிட்டு வயலுக்கும் கடைக்கும் எடுத்துச் செல்லும்போது விழுந்து உடையாமலும் அது காத்தது. இன்றைய பெட்டியின் மேலுள்ள தோல் போன்ற பூச்சு பெரிதும் கண்ணுக்கானது. பாலியூரித்தேன் பூச்சானால் நம் ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் உரியவும் கூடும். வடிவம் பழையது என்பதால் ஆயுளும் பழைய பொருளின் ஆயுளாகிவிடாது.

ஆயுளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வால்வு வானொலி பழுதுபட்டால் ஊரில் ஒரு மெக்கானிக் இருந்தார். இணையப் பெட்டியோ, அதை இயக்கும் மென்பொருளைத் தொலைதூர நிறுவனம் தொடர்ந்து புதுப்பிக்கும் வரையே முழு உயிரோடிருக்கும். 2020இல் சோனோஸ் நிறுவனம், நன்றாகப் பாடிக்கொண்டிருந்த தன் பழைய கருவிகள் சிலவற்றுக்கு இனிப் புதுப்பித்தல் இல்லை என்று அறிவித்தபோது உலகெங்கும் எழுந்த மனக்குறை இதனாலேயே. ஆகவே, இணையம் அற்ற நாளிலும் இப்பெட்டி பாடுமா, கம்பிவழி இணைப்புக்கு இடமுண்டா, மின்கலத்தை மாற்ற இயலுமா என்று விற்பவரிடம் வினவுவது அறிவுடைமை.

செவிக்கு இனியதா?

ஒலியைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். சிறு பெட்டி எதுவாயினும் காற்றை அசைக்கும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. தவிலின் அடித்தொனியை அது உள்ளபடி தராது. கணிப்பொறியின் துணையால் இருப்பதுபோல் காட்டும். சுவர் மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி மேலும் பெருகிச் சொற்களை விழுங்கும். ஒரே பெட்டியிலிருந்து வருவதால் இடமும் வலமும் நெடுந்தூரம் விலகித் தோன்றா. எனவே, நமக்கு நன்கு பழகிய மனிதக் குரல் ஒன்றையே முதலில் ஒலிக்கச் செய்து பார்க்க வேண்டும். பெரிய ஒலியில் எல்லாப் பெட்டியும் நம்மை மயக்கும்; இரவில் பிறர் உறக்கம் கலையாத தாழ்ந்த ஒலியில் சொற்கள் தெளிவாக விளங்குகின்றனவா என்பதே மெய்யான சோதனை.

அகுஸ்தீனாரே தம் 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பகுதியில், இசையின் இன்பத்தைப் பற்றி மனப்போராட்டம் கொள்கிறார். பாடலின் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை ஈர்க்கிறதோ என்று அஞ்சுகிறார். ஆயினும் இசையை விலக்க அவர் துணியவில்லை. செவியின்பம் பழிக்கத்தக்கதன்று என்பதும், அதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதும் அவரிடமிருந்து நாம் பெறும் தெளிவு.

செவியுள்ள பெட்டி

இப்போது தலையாய கேள்விக்கு வருகிறோம். பழைய வானொலி பேசியது, நாம் கேட்டோம். அது நம்மைக் கேட்கவில்லை. அதன்முன் கணவனும் மனைவியும் கடனைப் பற்றிப் பேசினர். தாயும் மகளும் திருமணத்தைப் பற்றிப் பேசினர். வானொலி இருக்கும் அறையில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. அந்த நம்பிக்கையைப் பழைய வானொலி ஈட்டியிருந்தது. அதன் முகத்தை அணிந்த புதிய பெட்டி, அந்நம்பிக்கையையும் சேர்த்தே கடனாகப் பெறுகிறது. வடிவத்தில் இல்லாத பொய் இங்கே நுழைய இடமுண்டு.

இதன் இயக்கத்தை அறிந்துகொள்வது நலம். பெட்டியிலுள்ள ஒலிவாங்கி எந்நேரமும் விழித்திருக்கும். தன் அழைப்புச்சொல் ஒலித்ததா என்பதைப் பெட்டி தனக்குள்ளேயே ஆராயும்; ஒலித்ததென்று கருதினால், அடுத்து நாம் பேசுவதைத் தொலைவிலுள்ள கணிப்பொறிகளுக்கு அனுப்பும். சில வேளைகளில் வேறு சொல்லை அழைப்பென்று தவறாகக் கொள்வதும் உண்டு. எந்நேரமும் எல்லாவற்றையும் அது பதிவு செய்கிறது என்று அச்சுறுத்துவது உண்மையாகாது. அச்சத்துக்கு இடமே இல்லை என்பதும் உண்மையாகாது. 2019இல், சேவையைச் செம்மைப்படுத்தும் பொருட்டுப் பதிவுகளில் ஒரு பகுதியை ஊழியர்கள் செவிமடுத்து வந்தது வெளியாயிற்று. குழந்தைகளின் குரல் பதிவுகளை உரிய காலத்தில் நீக்காமல் வைத்திருந்ததாக எழுந்த வழக்கில், 2023இல் அமேசான் நிறுவனம் அமெரிக்காவில் 2.5 கோடி டாலர் செலுத்த இசைந்தது. குரல் பதிவை வீட்டுக்கு வெளியே அனுப்பாமல் தடுக்கும் வசதி சில கருவிகளில் இருந்தது. 2025 மார்ச் 28இல் அதுவும் விலக்கிக்கொள்ளப்பட்டது.

கார்வான் வெளிவந்த அதே 2017இல்தான் அமேசானின் 'எக்கோ' இந்தியாவுக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாளில்தான், தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. எனினும், சட்டம் காக்கும் என்று வாளாவிருப்பது போதாது.

பாலாற்றங்கரை மக்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு பொருளின் விலைச்சீட்டில் எழுதப்படாத விலை ஒன்று உண்டு என்பதை நம் கிணறுகள் நமக்குக் கற்பித்தன. 1996 ஆகஸ்டு 28இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே அதன் விலையைத் தர வேண்டும் என்ற நெறியை உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. செவியுள்ள பெட்டி மலிவாகக் கிடைக்கும்போதும், எஞ்சிய விலையைத் தருபவர் யார் என்று வினவுவது நம் கடமையன்றோ?

எதிர்வாதம்

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பழைய வானொலி அத்தனை மாசற்றதன்று. 1952 முதல் அமைச்சர் கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியது. மக்கள் இலங்கை வானொலியை நாடினர். 1957இல் விவித்பாரதி பிறந்த பின்னரே அந்நிலை மாறியது. நாம் எதைக் கேட்கலாம் என்பதை அன்று ஒரு சிலர் முடிவு செய்தனர். இன்று அந்தத் தடையில்லை. ஆனால் அடுத்து என்ன ஒலிக்கும் என்பதை நம் பழக்கங்களைக் கணக்கிடும் இயந்திரம் முடிவு செய்கிறது. மேலும், பார்வையற்ற ஒருவருக்கும், மூட்டுவலியால் எழ இயலாத முதியவருக்கும், எழுத்தறியாத ஒருவருக்கும், வாய்ச்சொல்லுக்கு இயங்கும் கருவி மெய்யான உதவியாகும். அவர்களுடைய தேவையை நம் ஐயங்களைக் காட்டி மறுப்பது அறமன்று.

பரிசும் உறவும்

நம் வட்டாரத்து இல்லங்களைச் சற்று நினைத்துப் பார்ப்போம். காலையில் காலணித் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிய மருமகள் மாலையில்தான் திரும்புவார். மகன் சென்னையிலோ வளைகுடா நாட்டிலோ இருப்பார். பகல் முழுவதும் வீட்டில் தனித்திருக்கும் தாய்க்கு அழகிய பெட்டி ஒன்றை வாங்கித் தருகிறார்கள். அதில் அன்பு இல்லை என்று யார் சொல்வார்? அவர் விரும்பிய பாடல்கள் அதில் உள்ளன. நாள் முழுதும் அது பாடும்.

ஆனால் அத்தாய்க்குப் பாடல் மட்டுமா தேவை? பாடல் முடிந்ததும், அதை முதன்முதலில் எங்கே கேட்டார், அப்போது உடனிருந்தவர் யார் என்று சொல்ல அவருக்கு ஆசை. அக்கதையை வாங்கிக்கொள்ளும் செவி எந்தப் பெட்டியிலும் இல்லை. கட்டளையைப் புரிந்துகொள்ளும் ஒலிவாங்கி, கட்டளையல்லாத பேச்சுக்கு விடையற்று நிற்கும். விடை சொன்னாலும் அது அக்கறையால் வந்த விடையாகாது. 2022ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாள் செய்திக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் இதயத்தின் செவியால் கேட்பதையே பொருளாக எடுத்துக்கொண்டார். பதிவு செய்தல் வேறு, செவிசாய்த்தல் வேறு. பெட்டிக்கு நினைவகம் உண்டு. நினைவு மனிதருக்கே உரியது.

எனவே நாம் கொள்ளும் முடிவு இது. பழைய முகத்துக்காக இப்பெட்டியைப் பழிக்க வேண்டியதில்லை. அம்முகத்துக்காகவே நம்பவும் வேண்டியதில்லை. பாட்டு மட்டுமே வேண்டுமெனில் செவியற்ற பெட்டியே போதும், அதுவே மேலுமாம். குரலுக்கு இயங்குவது தேவையெனில், அது எதைக் கேட்கிறது, எங்கே அனுப்புகிறது, ஒலிவாங்கியை அடைக்கும் பொத்தான் எது என்பவற்றை வீட்டிலுள்ள முதியோர்க்கும் விருந்தினர்க்கும் சொல்லி வைக்க வேண்டும். சொல்லாமல் வைப்பது, ரெக்சினைத் தோலென்று விற்பதற்கு ஒப்பாகும். குழந்தைகள் உறங்கும் அறையில் அதனை வைக்காதிருப்போம். பரிசாகத் தருவோர், வாரத்தில் ஒரு மாலையேனும் அதனருகே அமர்ந்து, ஒரு பாடல் முடிந்ததும் பெட்டியை நிறுத்திவிட்டு, "அப்புறம் என்ன நடந்தது, அம்மா?" என்று கேட்பார்களாக.