ட்ரோஜன் என்பது ஏமாந்தவர்களின் பெயர்

சாரல் சீசனில் ஊருக்குப் போயிருந்தேன். ஐந்தருவியில் குளித்துவிட்டு அப்பாவும் நானும் படிக்கட்டில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தோம். அப்பா அருவியையே பார்த்துக்கொண்டு, "ஏய்யா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது" என்றார்.

முப்பது வருடம் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். என்னிடம் அப்படிக் கெஞ்சலாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. உடம்புக்குத்தான் ஏதோ என்று வயிற்றைப் பிசைந்தது.

"கம்ப்யூட்டர்ல என்னமோ ஏறிட்டுன்னு நெனைக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. மூன்று வாரமாக அதை யாரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கிறார். அருவிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது என்பதால்தான் அங்கே வைத்துச் சொன்னார் என்று பிறகுதான் புரிந்தது.

நடந்தது இதுதான். யூனிகோட் வருவதற்கு முன்பு பழைய எழுத்துருவில் அடித்துவைத்த அவருடைய கட்டுரைகள் இப்போது திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. மாற்றித்தரும் மென்பொருள் ஒன்றைத் தேடியிருக்கிறார். 'முழுப் பதிப்பு, இலவசம்' என்று ஒன்று கிடைத்தது. இன்ஸ்டால் செய்யும்போது ஆன்டிவைரஸ் சிவப்புப் பெட்டியைக் காட்டிக் கத்தியது. ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுத் தொடரவும் என்று கூடவே வந்த குறிப்பு சொன்னது. நிறுத்தினார், தொடர்ந்தார்.

"ஏம்ப்பா நிறுத்துனீங்க?" என்று கேட்க வாயெடுத்தவன் மூடிக்கொண்டேன். எங்கிருந்து கற்றுக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த நாட்களில் அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் கிராக் செய்த மென்பொருள்களைப் போட்டுத் தந்தவன் நான்தான். "இந்தச் சிவப்புப் பெட்டி சும்மா பயமுறுத்தும்ப்பா, கண்டுக்காதீங்க" என்று சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். மகன் இன்ஜினியர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவர் என்னைத்தான் நம்பினார்.

இதை அன்றைக்கு நான் அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இன்டர்நெட் வயரைப் பிடுங்கினேன். பல ட்ரோஜன்கள் தானாகப் பெரிதாக எதையும் செய்துவிடாது. வெளியே இருக்கும் எஜமானிடம் பேசி, கேட்டதை அனுப்பி, சொன்னதைச் செய்யும். பேச்சை வெட்டுவதுதான் முதல் சிகிச்சை. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் விண்டோஸின் சொந்தப் புரோகிராம் போலவே ஒரு பெயர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு எழுத்துதான் வேறு. சிஸ்டம் ஃபோல்டரில் இருக்க வேண்டியது, அப்பாவின் யூசர் ஃபோல்டருக்குள் எங்கோ ஆழத்தில் கிடந்தது. நிறுத்தினேன், ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தது. டாஸ்க் ஷெட்யூலரில் 'அப்டேட்' என்ற நல்ல பெயரில் ஒரு வேலை, அதைத் திரும்பத் திரும்ப எழுப்பிக்கொண்டிருந்தது.

பாஸ்வேர்டுகளை என் செல்போனிலிருந்து மாற்றினோம். தொற்று உள்ள மெஷினிலேயே மாற்றினால் புதிய சாவியையும் திருடன் கையிலேயே கொடுத்த மாதிரி. மற்ற எல்லா இடங்களிலும் லாக் அவுட் செய்தோம்; பிரவுசரில் இருந்த குக்கீயைத் திருடியவனுக்குப் பாஸ்வேர்டு தேவையே இல்லை. வங்கிக் கணக்கைப் பார்த்தோம். பணம் போகவில்லை. போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அடித்திருக்க வேண்டும். அந்த உதவி எண்ணில் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை வழியிலேயே மறிக்க வாய்ப்பு இருக்கிறது.

பிறகு அப்பாவின் மெயிலில் அனுப்பியவை இருக்கும் பக்கத்தைத் திறந்தேன். பதினோரு பேருக்கு அவர் பெயரில் ஒரு ஜிப் ஃபைல் போயிருந்தது. பத்து நாள் முன்பு. அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அந்தப் பதினோரு பேரும் அவர் கூட வேலை பார்த்தவர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள். 'வாத்தியார் அனுப்பியிருக்கார்' என்றால் திறப்பவர்கள்.

முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. நான் எழுத வந்த கேள்வி இதுதான்: ஏமாந்தவர் ஏன் சொல்வதில்லை? சொல்லாததில் அவருடைய பங்கு எவ்வளவு, நம்முடைய பங்கு எவ்வளவு?

ட்ரோஜன் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். 1972-இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் அமெரிக்க விமானப்படைக்கு எழுதிய பாதுகாப்பு அறிக்கையிலேயே 'ட்ரோஜன் குதிரை' என்ற சொல் இருக்கிறது. மரக்குதிரையைச் செய்தவர்கள் கிரேக்கர்கள். உள்ளே ஒளிந்திருந்தவர்களும் கிரேக்கர்கள். ட்ரோஜன்கள் என்றால் ட்ராய் நகரத்துக்காரர்கள், குதிரையை ஊருக்குள் இழுத்துவந்து ஏமாந்தவர்கள். நாளடைவில் குதிரை உதிர்ந்து ட்ரோஜன் மட்டும் மிஞ்சியது. ஆக, ஏமாற்றும் புரோகிராமுக்கு ஏமாந்தவர்களின் பெயரை வைத்திருக்கிறோம். யாரோ ஒருவர் பாதியில் நிறுத்திக் கேட்டிருக்கலாம், 'கிரேக்கன்' என்றல்லவா இருக்க வேண்டும் என்று. யாருக்கும் உறுத்தவில்லை. ஏனென்றால் ஒரு மோசடியைக் கேள்விப்பட்டால் நம் மனசு முதலில் கேட்பது 'செஞ்சவன் யாரு' என்பதல்ல. 'இது கூடவா தெரியாது' என்பதுதான்.

வைரஸையும் ட்ரோஜனையும் பிரிப்பதும் இதுதான். வைரஸ் தன்னைத் தானே பிரதி எடுத்துப் பரவும். ட்ரோஜனுக்கு ஒருவருடைய சம்மதம் வேண்டும். யாராவது 'சரி' என்று ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அதனால் வைரஸ் வந்தால் நோய் வந்த மாதிரி வெளியே சொல்கிறோம். ட்ரோஜன் வந்தால் தப்பு செய்த மாதிரி மறைக்கிறோம். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்களே, அந்த நிலை. இப்படிப் பார்த்தால் அந்த யூசர் ஃபோல்டரும் டாஸ்க் ஷெட்யூலரும் அதற்கு இரண்டாவது ஒளிவிடங்கள்தான். முதல் ஒளிவிடம் அப்பாவின் வெட்கம். அதை எந்த ஆன்டிவைரஸாலும் ஸ்கேன் செய்ய முடியாது.

வயசானவர்களுக்குத்தான் இந்த வெட்கம் என்று நினைக்க வேண்டாம். 2019 அக்டோபர் கடைசியில், தென்காசி இன்னும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தபோது, அதே மாவட்டத்தின் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் மால்வேர் நுழைந்ததாகச் செய்தி பரவியது. 29-ஆம் தேதி நிலையத்திலிருந்து மறுப்பு வந்தது: கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, வெளி இணையத்தோடு தொடர்பில்லாதவை, அவற்றின் மீது சைபர் தாக்குதல் சாத்தியமில்லை. மறுநாளே இந்திய அணுமின் கழகம் மால்வேர் இருந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது, அணு உலையின் அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றது. செப்டம்பர் 4-ஆம் தேதியே தங்களுக்குத் தகவல் வந்துவிட்டதாகவும் சொன்னது. வெளி ஆய்வாளர்கள் அதை டிட்ராக் என்று அடையாளம் காட்டினார்கள். தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை வேவுபார்க்கும் வகை.

முதல் நாள் மறுப்பில் பொய் இல்லை. கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றி அது சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் மக்கள் கேட்டது 'உள்ளே ஏதாவது வந்ததா' என்று. அப்பாவும் அந்த மூன்று வாரத்தில் பொய் சொல்லவில்லை. போனில் "கம்ப்யூட்டர் எப்படி ஓடுது" என்று நான் கேட்டபோது "ஓடுது ஓடுது" என்றார். ஓடத்தான் செய்தது.

விவரம் தெரிந்தால் ஏமாற மாட்டோம் என்பதும் நம் தொழிலில் இருப்பவர்களின் கர்வம்தான். எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்று ஒரு சின்ன மென்பொருள், ஃபைல்களைச் சுருக்குவதற்கு. லினக்ஸ் ஓடும் இடமெல்லாம் இருப்பது. லாஸ்ஸே கொலின் என்ற பின்லாந்துக்காரர் பல வருடங்களாகச் சம்பளமில்லாமல் அதைப் பராமரித்துவந்தார். 2021-இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். ஒழுங்காக வேலை செய்தார், பொறுமையாகப் பேசினார், இணைப் பராமரிப்பாளர் ஆனார். 2024 பிப்ரவரியில் வெளியான பதிப்பில் ரகசியக் கதவு ஒன்றை வைத்தார். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினியர், லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவது ஏன் என்று தோண்டப் போய் அதைக் கண்டுபிடித்து, மார்ச் 29 அன்று எல்லோருக்கும் அறிவித்தார். அந்த ஜியா டான் யார் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது.

அதில் எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்ததுதான். ஏமாந்த கொலின் ஒளியவில்லை. தன் பக்கத்தில் வெளிப்படையாக அறிவிப்பு போட்டார், கோடைத் திரும்பப் பரிசோதித்தார், சுத்தமான பதிப்பை வெளியிட்டார். இரண்டு வருடத்துக்கும் மேல் நட்பாக வந்து ஏமாற்றியவனிடம் ஏமாந்தது அவர் குற்றமா? உதவிக்கு வந்தவனை நம்பாமல் ஒரு மனிதன் எப்படி வேலை செய்வது?

அன்று ராத்திரி கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யலாம் என்று முடிவெடுத்தேன். ட்ரோஜன் ஒரு தடவை நுழைந்த மெஷினில், கண்ணில் பட்டதை அழித்துவிட்டோம் என்பதால் கண்ணில் படாதது இல்லை என்றாகாது. கட்டுரைகளையும் போட்டோக்களையும் மட்டும் எடுத்துவைத்தேன். ஓடக்கூடிய ஃபைல் ஒன்றுகூட வேண்டாம். என் லேப்டாப்பில் தயார் செய்த பென்டிரைவிலிருந்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். முடிந்ததும் அப்பா கேட்டார்: "இப்ப சுத்தமாயிட்டாய்யா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஒரு தடவை "கண்டுக்காதீங்க" என்று சுலபமாகச் சொன்னவன் நான். "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சுத்தம்ப்பா" என்றேன். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், 1984-இல் அச்சான தன் ட்யூரிங் விருது உரையில் இதைத்தான் காட்டினார்: கோடை மொழிபெயர்க்கும் கம்பைலருக்குள்ளேயே ஒரு திருட்டை ஒளித்துவைக்கலாம், எழுதிய கோடை வரி வரியாகப் படித்தாலும் தெரியாது. முழுக்க நீயே எழுதாத எதையும் முழுக்க நம்ப முடியாது. ஆனால் முழுக்கத் தானே எழுதியவர் யார் இருக்கிறார்?

அப்பா கசப்பாகச் சிரித்தார். "குறள்ல 'தெரிந்து தெளிதல்'னு ஒரு அதிகாரமே இருக்கு. முப்பது வருசம் நடத்தியிருக்கேன்" என்றார். ஆராயாமல் நம்புவதும் நம்பிய பின் சந்தேகப்படுவதும் தீராத துன்பம் தரும் என்று முடியும் அதிகாரம். ஆராய்ந்துவிட்டு நம்ப நமக்கு வாய்ப்பே இல்லாத உலகம் இது. குற்றாலத்தில் நிற்பவனுக்கு மலைமேல் மழை பெய்கிறதா என்று தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து குளித்துக்கொண்டிருந்த ஒரு பையனைக் கொண்டுபோனது. அதற்காக யாரும் அருவிக்குப் போவதை நிறுத்தவில்லை. விசில் சத்தத்துக்குக் காது கொடுக்கிறோம். விசில் ஊதினால் நனைந்த உடம்போடு ஓடி வெளியே வருகிறோம். ஓடியதற்காக யாரும் வெட்கப்படுவதில்லை. நான் அப்பாவுக்கு வருடக்கணக்கில் கற்றுக்கொடுத்திருந்தது விசிலைக் கண்டுகொள்ளாதே என்பதை. அந்த வீட்டில் முதல் ட்ரோஜன் அதுதான். அதை உள்ளே விட்டது அவரல்ல.

அதை அப்போதுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "எனக்கு ஞாபகம் இருக்கு. நீ சொல்லட்டும்னுதான் இருந்தேன்" என்றார்.

மறுநாள் காலை பதினோரு பேருக்கும் அவரே போன் செய்தார். நான் செய்கிறேன் என்றதற்கு விடவில்லை. நாலாவது போன், கூட வேலை பார்த்த சாருக்கு. ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "சார், எம்பேர்ல ஒரு ஃபைல் வந்திருக்கும். நான் அனுப்பல, ஆனா என்னாலதான் வந்தது. தெறந்துட்டீங்களா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "தெறந்துட்டேன் சார். பத்து நாளா ஃபேன் கத்திக்கிட்டே கெடக்கு. நான்தான் எதையோ கெடுத்துட்டேன்னு பையன்கிட்டகூடச் சொல்லல."

"வயரைப் பிடுங்குங்க சார்" என்றார் அப்பா. "நாங்க வாரோம்."