ஒட்ட வெட்டுதல்

"வளர வுட்டா ஆடும், வாலை ஒட்ட நறுக்கோணும்" என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்ட சேரிப் பையனைப் பற்றி, கல்லூரிக்குப் போய்வந்து எதிர்க்கேள்வி கேட்கிற பெண்ணைப் பற்றிச் சொல்வார்கள். ஏன் நறுக்க வேண்டும் என்று கேட்டால் நியாயத்துக்குத் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள்: "செடியைக்கூட வெட்டி வுட்டாத்தானே தழையுது?" வெட்டுவது வெட்டுப்படுகிறவரின் நன்மைக்கு என்ற இந்த வாதத்தைத் தோட்டத்திலேயே வைத்துப் பரிசோதிக்கலாம். கத்தி பிடித்த கை காலங்காலமாக எங்களுடையதுதானே.

கணியூர் அமராவதி ஆற்றோரத்து ஊர், மடத்துக்குளம் வட்டம். தென்னை, கரும்பு, அப்புறம் மல்பெரி. எங்கள் அம்மா முப்பது வருஷமாக அடுத்தவர் நிலத்தில் வெட்டுகிறது. ஐந்தாறு வருஷம் கவனிப்பாரற்றுக் கிடந்த பங்களாத் தோட்டத்தைச் சீர்பண்ணவும் அதைத்தான் கூப்பிடுவார்கள். செம்பருத்தி, அரளி, காகிதப்பூ எல்லாம் மேலே பூவும் கீழே வெறும் விறகுமாக நிற்கும். நுனியில் மட்டும் கத்தரித்தால் துடைப்பம் மாதிரி மேலேயே கிளைக்கும், பிரயோசனமில்லை. அம்மா முதலில் காய்ந்ததை எடுக்கும். பிறகு ஒன்றோடொன்று உரசுகிற கிளை. அதற்கப்புறம் கிழட்டுத் தண்டுகளை முழங்காலுக்குக் கீழே இறக்கும். செடி மிகவும் தளர்ந்திருந்தால் ஒரே நாளில் மொட்டையடிக்காது, மூன்றில் ஒரு பங்கு இந்த வருஷம், மீதி அடுத்தடுத்த வருஷங்களில். (அரளிப்பால் விஷம். கையுறை என்பது நாங்கள் கேள்விப்பட்ட பொருள்.)

"வெட்டறது பெருசில்ல கண்ணு. வெட்டுனதுக்கப்பறம் தண்ணி வுடோணும், எரு வெக்கோணும். தண்ணியில்லாத மாசத்துல வெட்டுனா அது கொலை" என்று சொல்லும்.

செடிக்குள் நடப்பது இதுதான். நுனி மொட்டில் ஆக்சின் என்ற வளரூக்கி சுரந்து கீழே இறங்குகிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும்வரை பக்க மொட்டுகள் விழிப்பதில்லை. பாடப்புத்தகம் இதற்கு வைத்திருக்கும் பெயர் நுனி ஆதிக்கம். நான் வைத்ததல்ல. உச்சி போனதும் பட்டைக்கடியில் பல வருஷம் உறங்கிக் கிடந்த கண்கள் வெடிக்கின்றன, வேரில் சேர்ந்திருந்த மாவுச்சத்து அந்தத் தளிர்களுக்குப் போகிறது. கீழிருக்கும் கண்ணின் பக்கம் நின்று பார்த்தால் இந்த வெட்டு விடுதலை. ஆனால் வெடித்த தளிர்களில் நாலைந்து சீக்கிரம் உயர்ந்து, அவையே உச்சியாகி, தமக்குக் கீழே உள்ளவற்றை அடக்கத் தொடங்கும். இயக்கங்களில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி மல்பெரி. உடுமலை, மடத்துக்குளம் வட்டாரத்தில் பட்டுப்புழுவுக்காக ஏக்கர் ஏக்கராக வளர்க்கிறார்கள். அது செடியல்ல, மரம். விட்டால் முப்பது அடிக்கு மேலே போகும். வருஷத்துக்கு ஐந்தாறு தடவை தரையை ஒட்டி வெட்டித் தண்டோடு புழுவுக்குப் போடுகிறார்கள். அம்மா கேட்கிற தண்ணீர், எரு எல்லாம் அதற்குக் கிடைக்கிறது. பதினைந்து வருஷம் தழைத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளும் மரமாகாது. மேற்கே மலையேறி வால்பாறைக்குப் போனால் தேயிலையும் அப்படித்தான். நாலைந்து வருஷத்துக்கு ஒரு கவாத்து, இடையில் ஓயாமல் கொழுந்து கிள்ளுதல். ஒரு மரத்தை இடுப்புயரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1890களில் தொடங்கி ஆனைமலைக் காட்டை அழித்து அதை நட்டபோது, கங்காணிகள் சமவெளியிலிருந்து ஓட்டிப்போன கூலிகளில் பெருந்தொகையினர் தலித்துகள். இன்று அங்கே சுற்றுலா போகிறவர் தேயிலை என்றாலே புதர் என்கிறார். கத்தி உண்டாக்கிய உயரத்தை அதன் பிறவி உயரம் என்று படிக்கிறார். "அவங்க வளர்த்தி அவ்வளவுதான்" என்று எங்களைப் பற்றிச் சொல்கிற பண்ணாடியின் படிப்பும் இதுதான்.

பங்களாச் செம்பருத்தியை வெட்டிய அதே கத்தி, அதே கை. ஒன்றை வளர்வதற்காக வெட்டுகிறோம், இன்னொன்றை வளராமலிருக்க வெட்டுகிறோம். வெட்டுக்காயத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. தழைத்திருப்பதைக் காட்டியும் நியாயம் சொல்ல முடியாது, மல்பெரி தழைக்கத்தானே செய்கிறது? தழைத்தது யார் வாய்க்குப் போகிறது, அதை எந்த உயரம்வரை போகவிடுகிறார்கள் என்றுதான் கேட்க வேண்டும். நூற்பாலைகளின் 'சுமங்கலி' ஒப்பந்தத்தையும் இந்தக் கேள்வியோடு பார்க்கலாம். மூன்று வருஷ வேலை, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை, அதுவரை விடுதியில் அடைப்பு. 2011இல் நெதர்லாந்தின் சோமோ அமைப்பு அறிக்கை வெளியிட்டபோது வெளிநாட்டிலும் பேசினார்கள். பெண்ணைப் பெற்றவர்களிடம் தரகர் சொன்னது என்ன? "கட்டுப்பாடா இருக்கும், புள்ளைக்கு நல்லது."

சாதியையும் அங்கங்கே கத்தரித்துச் சரிசெய்துவிடலாம் என்கிற நண்பர்கள் உண்டு. கிழட்டுப் புதரைப் பக்குவமாகக் கத்தரித்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன், அது இளமையாகும். 1936இல் லாகூர் ஜாத்-பாத் தோடக் மண்டல் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்துவிட்டு, எழுதிய உரையில் சில பகுதிகளை வெட்டச் சொன்னது. அவர் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மறுத்தார். மாநாடு நின்றுபோனது, 'சாதி ஒழிப்பு' அவர் செலவிலேயே அச்சாகி வந்தது. எதை வெட்டக் கூடாது என்பது தெரிந்த கை அது.

எல்லாச் செடியும் திரும்பி வருவதில்லை. தூஜா போன்றவற்றின் இலையற்ற பழைய கட்டையில் விழிக்கக் கண் கிடையாது. இங்கே ஓர் அலுவலக வளாகத்தில், ஆளுயரம் தாண்டிய தூஜா வரிசையை இடுப்புயரத்துக்கு இறக்கச் சொன்னார்கள். "பச்சை இருக்கற எடத்தோட நிறுத்திக்கலாமுங்க, அதுக்குக் கீழ போனா வராதுங்க" என்றது அம்மா. சொன்னதைச் செய் என்றார் அதிகாரி. இரண்டு மாதத்தில் வரிசை முழுக்கப் பழுப்பேறிப் பட்டுப்போனது. வெட்டத் தெரியாத ஆள் என்று எழுதிவைத்து, நாலு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள்.