விட்டிலும் விளக்கும்

விளக்கில் வீழ்ந்து மடியும் விட்டிலை ஐம்புல வேட்கையாற் கெடுவார்க்கு உவமையாகக் கூறுதல் நம் நாட்டு அறநூலார்க்கு நெடுங்கால வழக்கு. ஊறு பற்றி யானையும், சுவை பற்றி மீனும், நாற்றம் பற்றி வண்டும், ஓசை பற்றி அசுணமும் கெடுதல்போல ஒளி பற்றி விட்டில் கெடுகின்றது என்பர். இவ்வுவமையுள் ஒரு வினா மறைந்து கிடக்கின்றது. விட்டில் விளக்கை விரும்பியே சாகின்றதா? விரும்பவில்லையாயின், இல்லாத வேட்கையை அதன்மேலேற்றிப் பழித்தல் முறையாகுமா? சிற்றுயிரின்மேற் சுமத்தியதாயினும் பழி பழியேயாகலின், இஃது ஆராயத்தக்கது.

இதற்கு முன்னையோர் கூறிய காரணங்கள் பல. விட்டில் திங்களை ஒரு பக்கத்தே வைத்துக்கொண்டு நேர்வழி செல்வதென்றும், விளக்கைத் திங்களென மயங்கி அவ்வாறே செல்ல முயலுங்கால் வழி சுருண்டு சுருண்டு விளக்கிலே முடிகின்றதென்றும் ஒரு சாரார் கூறினர். வெப்பத்தை விழைந்து வருகின்றதென்றனர் மற்றொரு சாரார். 2024 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இவ்விரண்டிற்கும் மாறான உண்மையைக் காட்டிற்று. இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சார்ந்த சாமுவேல் பேபியன் முதலியோர், மிக விரைவாகப் படம்பிடிக்குங் கருவிகளைக் கொண்டு, ஆய்வகத்தும் நடு அமெரிக்காவிலுள்ள கோஸ்டாரிகா நாட்டுக் காட்டகத்தும் பூச்சிகளின் பறப்பைப் பதிவு செய்தனர். பூச்சிகள் விளக்கை நோக்கி நேரே பறக்கவில்லை. பெரும்பாலும் அதற்குக் குறுக்காகவே பறந்தன. ஆயினும் பறக்குங்கால் தம் முதுகை ஒளியின் பக்கம் சாய்த்தன. விளக்கு ஒரு பக்கத்தே இருந்தபோது முதுகு அப்பக்கஞ் சாய, வழியும் அப்பக்கம் வளைந்து, விளக்கைச் சுற்றிச் சுற்றி வருதலாய் முடிந்தது. விளக்கின் கீழே நுழைந்து அப்பாற் செல்லும் பூச்சி தலை நிமிர்ந்து மேலேறி விரைவு குன்றிற்று. விளக்கிற்கு மேலே சென்றதோ தலைகீழாகப் புரண்டு வீழ்ந்தது. அவ்வொளியையே மேலே விரித்த வெண்டுகிலிற் படச்செய்து வானம்போலப் பரப்பியபோது, அதன் அடியே தடுமாற்றமின்றிப் பறந்து சென்றன! அரளியிலை தின்று வளரும் பெரிய அந்து ஒன்றும் பழ ஈயும் இவ்வாறு முதுகைச் சாய்க்கவில்லை. ஏனைய பலவும் சாய்த்தன.

முதுகை ஒளிக்குக் காட்டுதல் எற்றுக்கு எனின், மேலெது கீழெது என அறிதற்பொருட்டு என்க. நிலத்தில் நிற்கும் மனிதன் தன் எடையாற் கீழை அறிகின்றான். காற்றில் விரைந்து திரும்பும் உயிர்க்கு அவ்வுணர்ச்சி போதாது. திரும்புதலால் எழும் விசை எடையோடு கலந்து மயக்கும். முகிலினுட் புகுந்த விமானமோட்டி கருவியை நோக்காது தன் உடலுணர்ச்சியையே நம்பிற் கவிழ்தலும் இதனாலேயாம். பூச்சிகள் 30 கோடி ஆண்டுகட்கு மேலாகப் பறந்து வருகின்றன. அக்காலமெல்லாம் நள்ளிரவிலும் நிலத்தினும் வானமே ஒளி மிக்கது. ஆகலின் ஒளியுள்ள பக்கமே மேல் என்று கொள்ளுதல் அவற்றிற்குத் தப்பாத வழிகாட்டியாயிருந்தது.

அவ்வொளி எத்துணைச் சிறிதாயினும் அவற்றின் கண் அதனைப் பயன்கொள்ளும். அந்துகளின் கூட்டுக்கண்ணில் பல சிறு வில்லைகள் வழியே புகும் ஒளி ஓரிடத்தே ஒன்றாகக் குவிதலை வியன்னா நகரத்து அறிஞர் சிக்மண்ட் எக்ஸ்னர் 1891 இல் விளக்கினார். ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கே போகோங் என்னும் அந்து, வேனிற்காலத்தை மலைக்குகைகளிற் கழித்தற்பொருட்டு 1000 கிலோமீட்டர் அளவும் இரவிற் பறந்து செல்கின்றது. முன்னர்ச் சென்று வந்த தாயுந் தந்தையும் அதற்கு வழி காட்டுதல் இல்லை. 2025 இல் வெளிவந்த ஆய்வில், நிலத்தின் காந்தவிசையை நீக்கிய அரங்கில் விண்மீன்களின் தோற்றத்தைக் காட்டியபோது, அது அப்பருவத்திற்குரிய திசையையே நாடிற்று. அவ்வானைத் திருப்பியபோது தானுந் திரும்பிற்று. மீன்களை முறைமாற்றித் தூவியபோது திசையிழந்தது. விண்மீன் பார்த்து நெடுவழி செல்லும் அறிவுடைய உயிரை அறிவிலாமைக்கு எடுத்துக்காட்டாக வைத்தல் வியப்பேயாம்.

அற்றேல், ஆன்றோர் உவமை பொய்யாயிற்றோ எனின், வேட்கை என்னுங் கூறு வீழ்ந்தது என்று ஒப்புக்கொள்ளுதலே நேர்மை. எஞ்சி நிற்பது அதனினுங் கூரியது. ஆசையொன்றே கெடுக்கும் என்று அஞ்சுவார், நல்லறிவும் தவறான சார்பைப் பற்றியவழிக் கெடுக்கும் என்பதை எண்ணுவதில்லை. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்னும் சித்தாந்தத்திற்கு இதனினும் தெளிந்த சான்று அரிது. வானைச் சார்ந்தபோது நேரே பறந்ததும், விளக்கைச் சார்ந்தபோது தலைகீழாயதும் ஒரே விட்டில். அதன் அறிவும் ஈரிடத்தும் ஒன்றே. வேறாயது சார்பு மாத்திரையே.

இனி, அப்பொய்வானத்தை அமைத்தவன் விட்டிலல்லன், விளக்கேற்றிய மனிதன். கொல்லுங் கருத்தோடு அவன் ஏற்றவில்லையே எனின், உண்மை. அறியாமுன் நிகழ்ந்தது கருதாக் கொலை. அறிந்தபின்னும் வாளாவிருப்பின் அப்பெயர் பொருந்தாது. இருளில் வழிகாணவும் நூல் ஓதவும் விளக்கு வேண்டும். அதனை எவரும் மறார். காண்பார் ஒருவருமில்லாத நள்ளிரவில் எரிவதே வினாவுக்குரியது. அவற்றுள்ளும் தரையில் நிறுத்தி மேனோக்கி ஒளி பாய்ச்சும் விளக்குகள் கொடியன. மேலே பறக்கும் பூச்சிக்குக் கீழை மேலாகக் காட்டுவன அவையே. இக்காலத்துக் கோபுரங்கள் பலவற்றின் அடியில் இத்தகைய மின்விளக்குகள் பொருத்தப்பட்டுள்ளன. நடைசாத்தியபின் அவற்றை அவித்துவிடுதல் எளிது. பொத்தானொன்றை அழுத்தினாற் போதும். ஆயினும் விடியுமளவும் எரிய விடுவாருளர், அவர் கணக்கில் எழுதப்படுவது மின்கட்டணம் ஒன்றே.