மோயீசனின் கரங்களைத் தாங்கியவர்கள்



ஆனி, ஆடி மாதத்து மழை நம் மலையில் இறங்கிவிட்டால், விடியற்காலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பதே ஒரு பாடு என்பது உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒரு விடியற்காலையில், லயத்து வீடொன்றில் ஒரு தாய் எழுந்திருக்கிறாள். அவளுக்கு வயது 46. அடுப்பின் திருகைத் திருப்ப அவள் விரல்கள் மறுக்கின்றன. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்தித் திருப்புகிறாள். வெந்நீரில் கைகளை அமிழ்த்தி வைத்துக்கொண்டு, விரல்கள் மடங்கும்வரை காத்திருக்கிறாள். அதற்கு ஒரு மணி நேரம் ஆகிறது. கணவன் எழுந்து வரும் சத்தம் கேட்டதும் கைகளைத் துடைத்து முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறாள்.

இருபத்தைந்து வருஷமாகக் கொழுந்து பறித்த கைகள் அவை. நிறுவை நேரத்தில் அவள் கணக்கு ஒருநாளும் குறைந்ததில்லை. சனிக்கிழமை மாலை கோவிலைப் பெருக்கிப் பீடத்துக்குப் பூ வைப்பதும் அந்தக் கைகளே. போன வாரம் டாக்டர் இது கீல்வாதம் என்று சொல்லிவிட்டார். அந்தச் சீட்டை அவள் தன் ஜெபப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறாள். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவள் மனதில் ஒரே கேள்வி: “கை போய்விட்டால் என்னால் யாருக்கு என்ன பிரயோசனம்?”

இவள் யார் என்று தேடவேண்டாம். இவள் ஒருத்தியல்ல. பொள்ளாச்சிச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் கியரை மாற்றி மாற்றித் தோள்பட்டை இறுகிப்போன ஓட்டுநர் இருக்கிறார். தேயிலை ஆலையில் நின்று நின்று முழங்கால் வீங்கியவர் இருக்கிறார். நாற்பது, ஐம்பது வயதில், “இன்னும் என் உடம்பில் தெம்பு இருக்கிறது” என்று நினைத்திருந்த வேளையில் இந்த வார்த்தையைக் கேட்டவர்கள் நம் பங்கிலே பலர் உண்டு. அவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்கிறவர்களுக்காகவும் இன்று பேசுகிறோம்.

முதலாவது, இந்த நோய் இன்னதென்று தெளிவாக அறிவது நல்லது. கீல்வாதம் என்பது ஒரே நோயல்ல; மூட்டுகளைப் பிடிக்கும் பல நோய்களுக்கு அது பொதுப் பெயர். அவற்றில் இரண்டு நம்மிடையே அதிகம். ஒன்று மூட்டுத் தேய்மானம். எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு நாளடைவில் கெடுவதால் இது வருகிறது. முழங்காலையே பெரும்பாலும் தாக்குகிறது. மற்றொன்று முடக்குவாதம். நோய்க் கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படையே வழிதவறித் தன் சொந்த மூட்டுகளைத் தாக்குவதுதான் அது. விரல்களிலும் மணிக்கட்டிலும், இரு பக்கமும் ஒன்றுபோல் வீக்கம் காண்பதும், காலையில் வெகுநேரம் விறைப்பு நீங்காதிருப்பதும் அதன் அடையாளங்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. மழையும் குளிரும் வலியைக் கூட்டிக் காட்டலாம். ஆனால் நோயைப் பிறப்பிப்பது அவையல்ல.

அதைப்போலவே, இதைப் பிறப்பிப்பது யாருடைய பாவமும் அல்ல. “யார் செய்த பாவமோ”, “யார் வைத்த செய்வினையோ” என்று பக்கத்து வீட்டார் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். பிறவிக் குருடனைக் கண்டபோது சீஷர்களும் இதையே கேட்டார்கள்: இவன் பாவமா, இவனைப் பெற்றவர்கள் பாவமா என்று. சேசுநாதர் இரண்டும் அல்ல என்று மறுத்துவிட்டார். ஆண்டவர் மறுத்ததை நாம் திரும்பவும் பேசலாமோ?

பிரியமானவர்களே, இந்த நோய் வந்தவர்களைச் சோதிக்கும் சோதனைகள் இரண்டு. ஒன்று, “இனி எல்லாம் முடிந்தது” என்று மூலையில் உட்கார்ந்துவிடுவது. இது அவநம்பிக்கை, இதை எல்லோரும் சோதனை என்று அறிவார்கள். மற்றொன்று, அந்தத் தாயைப்போல் மறைத்துக்கொள்வது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பதும், யாரிடமும் சொல்லாமல் இரட்டிப்பாக உழைப்பதும் பார்ப்பதற்குப் புண்ணியம்போல் இருக்கும். ஆனால் அதற்குள்ளே ஒரு நுட்பமான ஆங்காரம் ஒளிந்திருக்கிறது: “நான் கொடுக்கிறவளாகவே இருப்பேன், வாங்குகிறவளாக இருக்கமாட்டேன்” என்பதே அது. அதைவிட ஆழத்தில் ஒரு பயமும் இருக்கிறது: “என் வேலைக்காகத்தான் என்னை நேசிக்கிறார்களோ?”

வேதாகமத்தில் இரண்டு கைகளைப் பாருங்கள்.

முதற் கை, ஜெபக்கூடத்தில் இருந்த ஒரு மனிதனுடைய சூம்பிப்போன கை. ஓய்வுநாளில் அங்கே வந்த சேசுநாதர், அவனை ஒதுக்குப்புறமாக அழைத்துப்போய் இரகசியமாகக் குணப்படுத்தவில்லை. எல்லோரும் பார்க்கும்படி நடுவிலே நிற்கச் சொன்னார். பிறகு கையை நீட்டச் சொன்னார். அத்தனை காலம் எந்தக் கையை அவன் துணிக்குள் மறைத்து வைத்திருப்பானோ, அந்தக் கையையே ஊரறிய நீட்டும்படி கேட்டார். அவன் வெட்கத்தை விட்டு நீட்டினான். நீட்டினபோதே சுகம் வந்தது.

இரண்டாவது, மோயீசனுடைய கைகள். யாத்திராகமம் சொல்லும் சரித்திரம் உங்களுக்குத் தெரிந்ததே. பள்ளத்தாக்கில் அமலேக்கியரோடு யோசுவா யுத்தம் செய்கிறான். மலையுச்சியில் மோயீசன் கைகளை உயர்த்தி நிற்கிறார். கைகள் உயர்ந்திருக்கும்போது இஸ்ராயேலர் ஜெயிக்கிறார்கள், தாழ்ந்தால் தோற்கிறார்கள். ஆனால் நேரம் ஆக ஆக அவர் கைகள் கனத்துப்போகின்றன. செங்கடலைப் பிளந்த சர்வேசுரனுக்கு ஒரு மனிதனுடைய கைகளில் பலம் ஊட்டுவது அரிதா? அரிதல்ல. ஆனாலும் அன்று அந்த அற்புதம் நடக்கவில்லை. அதற்குப் பதிலாக நடந்தது யாது? உட்காருவதற்கு ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆரோன் ஒரு பக்கமும், ஊர் என்பவர் மறு பக்கமும் நின்று கைகளைத் தாங்கிக்கொண்டார்கள். சூரியன் மறையும்வரை கைகள் தளரவில்லை. வெற்றி கிடைத்தது.

மோயீசன், “நான் தலைவன், நான் உட்காருவதா?” என்று சொல்லவில்லை. கல்லையும் மறுக்கவில்லை, தோழர்களையும் மறுக்கவில்லை. தாங்கப்பட்ட கைகளாலும் தேவனுடைய வேலை நடக்கும் என்பதை அவர் அன்று கற்றுக்கொண்டார். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள்: கைகள் கனத்ததை மோயீசன் மறைத்திருந்தால் ஆரோன் என்ன செய்திருக்க முடியும்? மறைத்த கையை ஒருவரும் தாங்க முடியாது.

நமது தவக்காலச் சிலுவைப்பாதையில் நாம் கேட்டறிந்த பெயர் அர்ச். அல்போன்ஸ் லிகோரி. இரட்சகர் சபையை 1732-ல் ஸ்தாபித்து, 1762-ல் மேற்றிராணியாரான இந்த அர்ச்சியசிஷ்டவரை 1768-ம் ஆண்டு, அவருடைய 71-ம் வயதில், கடுமையான வாத நோய் பிடித்தது. கழுத்து வளைந்து முகவாய் மார்பிலே பதிந்துவிட்டது. குழாய் வைத்துத்தான் நீர் அருந்தினார். அண்ணாந்து இரசப் பாத்திரத்தை வாயில் வைக்க இயலாமல் பூசை செய்வதே நின்றுபோயிற்று. அப்போது அகுஸ்தீன் சபைத் தலைவர் ஒருவர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு, துணையாள் உதவியோடு பாத்திரத்தை உதட்டுக்குக் கொண்டுவரும் வழியை அவருக்குக் காட்டிக் கொடுத்தார். பல புத்தகங்கள் எழுதிய அந்த மகா சாஸ்திரி, மற்றொருவர் காட்டிய ஒரு நாற்காலியை ஏற்றுக்கொண்டார். மறுபடியும் பூசை செய்தார். வளைந்த கழுத்தோடே 1775 வரை மேற்றிராசனத்தை நடத்தி, 1787-ல் 90 வயதில் மரித்தார்.

நம் காலத்திலும் ஒருவரைக் கண்டோம். பாப்பரசர் பிரான்சிஸ் முழங்கால் வலியால் 2022-ம் ஆண்டு மே மாதத்தில் உலகத்தார் முன்னிலையில் சக்கர நாற்காலியில் வந்தார். அதை அவர் ஒளிக்கவில்லை. 2025 ஏப்ரலில் மரிக்கும்வரை அவர் தம் வேலையையும் விடவில்லை.

இனி, நாம் செய்யத்தக்கது யாது?

நோயுற்றவர்களே, முதலில் அந்தச் சீட்டை ஜெபப் புத்தகத்திலிருந்து வெளியே எடுங்கள். இன்று இரவு ஜெபமாலை முடிந்ததும் வீட்டாரிடம் சொல்லுங்கள். நாளை தோட்டத்து மேற்பார்வையாளரிடமும் சொல்லுங்கள்.

வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள். முடக்குவாதத்துக்கு முதல் மாதங்களிலேயே தகுந்த மருந்து ஆரம்பித்தால் மூட்டுகள் கோணிப்போவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். நம் தாத்தா பாட்டிகள் காலத்தில் இந்த வசதி இல்லை. கீழே போய்வர ஒருநாள் சம்பளம் போகிறதே என்று தயங்கினால், பிறகு கைகளே போய்விடக்கூடும். மீத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரை கொடுத்தால், அது இந்த நோய்க்கு வாரத்தில் ஒரேநாள் மட்டும் உண்ணவேண்டியது என்பதை நன்றாக நினைவில் வையுங்கள். தவறித் தினமும் உண்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொன்ன நாளில் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். இரண்டே நாளில் வலி பறக்கும் என்று விற்கப்படும் பெயரில்லாப் பொடிகளை வாங்காதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. வலி அடங்கினாற்போல் இருக்கும், உள்ளே எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். வலி மாத்திரைகளையும் உங்கள் இஷ்டப்படி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் அசையாமல் படுத்துவிடுவது தவறு. தொடைத் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியே நல்ல மருந்து. பருத்த உடம்புள்ளவர்கள் ஒரு கிலோ எடை குறைத்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் 4 கிலோ சுமை குறைகிறது. மருந்து உண்பதும், உடலைப் பேணுவதும் விசுவாசக் குறைவல்ல. சர்வேசுரன் தந்த சரீரத்தைக் காப்பது நம் கடமையே.

முழந்தாளிட முடியவில்லையே என்று கோவிலின் கடைசி வரிசையில் கூனிக் குறுகி உட்காருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுந்தேற்ற வேளையில், உடல்நலக் குறைவால் முழந்தாளிட இயலாதவர்கள் முழந்தாளிட வேண்டியதில்லை என்று திருச்சபையின் பூசை ஒழுங்கே சொல்கிறது. குருவானவர் முழந்தாளிடும்போது நீங்கள் ஆழ்ந்து வணங்கினால் போதும். ஆண்டவர் உங்கள் முழங்காலை எண்ணுகிறவர் அல்ல. முன்வரிசைக்கு வாருங்கள்.

குடும்பத்தாரே, உங்களுக்கும் சொல்லவேண்டியது உண்டு. ஆரோனும் ஊரும் மோயீசன் கேட்கும்வரை காத்திருந்ததாக எழுதப்படவில்லை. கனத்துப்போன கைகளைப் பார்த்தார்கள், கல்லைக் கொண்டுவந்தார்கள். நீங்கள் பார்க்கிறீர்களா? நனைந்த கம்பளியைப் பிழிவதும், தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதும், மாவு பிசைவதும் அம்மாவின் வேலை என்று எந்தக் கற்பனையில் எழுதியிருக்கிறது? மகனே, அந்தக் கம்பளியை நீ பிழி. கணவனே, காலை அடுப்பை நீ பற்றவை; அவள் விரல்கள் இளகும்வரை ஒரு மணி நேரம் அவளுக்குக் கொடு. “உடம்பு முழுக்க நோவு என்கிறாள், பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாள்” என்று சொல்லாதேயுங்கள். இந்த நோயின் வலி வெளியே தெரியாத நாட்கள் உண்டு. கையால் உதவுவதைவிட, நம்புவதே முதல் உதவி.

மரியாயின் சேனையாரும் வின்சென்ட் தே பவுல் சபையாரும் இத்தகைய வீடுகளைச் சந்திக்கும்போது ஆறுதல் வார்த்தையோடு நிறுத்தாமல், ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் துணைக்கு ஒருவர் போவதையும் தங்கள் ஊழியமாகக் கொள்வார்களாக. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1984-ம் ஆண்டு பெப்ரவரி 11-ந் தேதி, லூர்து மாதா திருநாளில், துன்பத்தைப்பற்றி எழுதிய நிருபத்தில் நல்ல சமாரியனையே நமக்கு மாதிரியாகக் காட்டினார். துன்பத்தை ஒப்புக்கொடுப்பது நோயாளியின் பங்கு. வழியிலே நின்று தூக்கிவிடுவது நம் பங்கு. ஒன்று இல்லாமல் மற்றொன்று நிறைவாகாது.

கடைசியாக, அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். “என்னால் என்ன பிரயோசனம்?” தாயே, கொழுந்துக்கு நிறுவை உண்டு, ஆத்துமத்துக்கு அந்த நிறுவை இல்லை. நீ கூடை நிறைத்ததற்காகச் சேசுநாதர் உனக்காகச் சிலுவையில் மரிக்கவில்லை. அவரும் தமது சிலுவையைத் தாமே தனியாக மலைவரை சுமக்கவில்லை. சீரேனே ஊர் சீமோனுடைய தோள் அவருக்குத் துணையாக வந்தது. தேவசுதனே ஏற்றுக்கொண்ட உதவியை ஏற்றுக்கொள்ள நீ வெட்கப்படுவாயோ? சனிக்கிழமை வா. பெருக்குவதற்கு உன் மகள் வரட்டும். எந்தப் பூவை எங்கே வைப்பது என்று நீ உட்கார்ந்து சொல். அது உன் கல்லாயிருக்கும்; அவள் உன் ஆரோனாயிருப்பாள்.

ஆண்டவரே, வலியெடுத்த கைகளை நீட்டும் துணிவை எங்களில் சிலருக்கும், அவற்றைப் பார்த்துத் தாங்கும் கண்களையும் தோள்களையும் எங்களில் மற்றவர்களுக்கும் தந்தருளும். சூரியன் மறையும்வரை எங்கள் கரங்கள் தளராதிருக்கக் கிருபை செய்யும்.

ஆமென்.