ஏறிய விலை எவருக்குரியது

நிலத்தின் விலை ஏறியதால் வறுமையிலிருந்து மீண்ட ஒருவர் தம் செல்வத்தில் ஒரு பங்கை ஊருக்குத் தரும்போது, அதை ஈகை என்று கொள்வதா, பட்ட கடனைத் தீர்ப்பது என்று கொள்வதா என்னும் வினா அறவியலில் எளிதில் தீர்வதன்று. நெசவாளர் நெய்த துணிக்கும் தச்சர் இழைத்த கதவுக்கும் கிடைக்கும் கூலி அவரவர் கைத்திறனின் பயன் என்று சொல்லிவிடலாம். ஆனால் வெறுமனே கிடந்த ஒரு மனை, உடையவர் அதில் ஒரு கல்லைக்கூடப் புரட்டாத நிலையிலும், பக்கத்தில் சாலை வந்து, சந்தை கூடி, குடியேறுவோர் பெருகியதனால் பத்து மடங்கு விலை பெறுமாயின், அந்த ஏற்றத்தை உண்டாக்கியவர் யார் என்று கேட்டாக வேண்டும். திருக்குறள் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரு அதிகாரங்களாகப் பிரித்து வைத்திருப்பது இங்கே நினைக்கத்தக்கது. இல்லாதவருக்கு இரங்கித் தருவது ஈகை. ஊரோடு தமக்குள்ள உறவை உணர்ந்து, அதைக் கடமையாக ஏற்றுச் செய்வது ஒப்புரவு. நிலத்தால் வந்த செல்வத்துக்கு இவ்விரண்டில் எது பொருந்தும் என்பதை ஆராய, லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வாழ்ந்த ஒரு பெண்ணின் வாழ்க்கை பெரிதும் உதவுகிறது.

'பிடி' என்னும் செல்லப்பெயரால் அறியப்பட்ட பிரிட்ஜெட் மேசன், 1818-இல் அமெரிக்கத் தென்பகுதியில் அடிமையாகப் பிறந்தவர். மார்மன் சமயத்தில் சேர்ந்த அவருடைய எசமானர் 1848-இல் மேற்கு நோக்கிப் புறப்பட்டபோது, மேசன் தம் மூன்று மகள்களுடன், வண்டிகளின் பின்னால் கால்நடைகளை ஓட்டிக்கொண்டு 1,000 மைலுக்கும் மேல் நடந்தார். 1851-இல் அவர்கள் வந்து சேர்ந்த கலிபோர்னியா, அடிமைமுறையை ஏற்காத மாநிலமாக முந்தைய ஆண்டுதான் அமெரிக்க ஒன்றியத்தில் இணைந்திருந்தது. எசமானர் அவர்களை அடிமைமுறை நிலவிய டெக்சஸுக்குக் கொண்டுபோக முயன்றதால் வழக்கு எழுந்தது. வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்லக் கூடாது என்று அக்கால மாநிலச் சட்டம் தடுத்திருந்தமையால், நீதிபதி பெஞ்சமின் ஹேஸ் மேசனைத் தம் தனியறைக்கு அழைத்து அவர் விருப்பத்தைக் கேட்டறிந்து, 1856 ஜனவரியில் அவரையும் அவரோடிருந்த 13 பேரையும் விடுவித்தார். அப்போது மேசனுக்கு வயது 37. கையில் பொருள் இல்லை, எழுத்தறிவும் இல்லை.

மருத்துவச்சியாகவும் நோயாளிகளைப் பேணுபவராகவும் ஒரு மருத்துவரிடம் வேலைக்கு அமர்ந்த அவருக்கு நாளொன்றுக்கு இரண்டரை டாலர் கூலி. பத்தாண்டு சேமித்து, 1866-இல், அன்று நகரின் ஓரமாக இருந்த ஸ்பிரிங் தெருப் பகுதியில் 250 டாலருக்கு மனை வாங்கினார். அந்தக் கிரயம் அவருடைய 100 நாள் கூலிக்குச் சமம். கூலியில் வயிறும் வாடகையும் மகள்களின் தேவையும் போக எஞ்சியதைத்தான் சேர்க்க முடியும் என்பதால், அந்த 100 நாளைச் சேர்க்கப் பத்தாண்டு பிடித்தது. அவர் ஆவணங்களில் பெயரெழுதத் தெரியாமல், பெருக்கல் குறி போன்ற ஒரு கீறலையே கையெழுத்தாக இட்டவர். பிறருக்குச் சொத்தாகப் பாதி ஆயுளைக் கழித்த ஒருவர், இனி எவரும் எழுந்து போ என்று சொல்ல முடியாத நிலத்துக்கு அந்தக் கீறலால் உரிமையாளர் ஆனார். சொத்துடைமை என்பதே குற்றம் என்று பொதுப்படப் பேசும் தத்துவங்கள் இந்தக் கீறலின் முன் சற்றுத் தயங்க வேண்டியிருக்கிறது.

அதன்பின் விலை ஏறிய விதம் வேறு கதை. 1870-இல் 5,728 பேர் வாழ்ந்த லாஸ் ஏஞ்சலஸுக்கு 1876-இல் சதர்ன் பசிபிக் ரயில்பாதை வந்தது. அடுத்த பத்தாண்டில் போட்டியாக இன்னொரு பாதையும் வந்து பயணக் கட்டணம் சரிய, 1890-இல் மக்கள்தொகை 50,395 ஆயிற்று. ஊரோரமாக இருந்த மனை ஊர் நடுவாயிற்று. 1884-இல் மேசன் தம் நிலத்தில் ஒரு பகுதியை 1,500 டாலருக்கு விற்று, எஞ்சிய இடத்தில் வாடகைக்கு விடும் கடைகளோடு கட்டடம் எழுப்பினார்.

இந்த ஏற்றத்தைத்தான் அதே மாநிலத்தின் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து எழுதிய ஹென்றி ஜார்ஜ், 1879-இல் வெளிவந்த 'முன்னேற்றமும் வறுமையும்' என்னும் நூலில் கேள்விக்கு உட்படுத்தினார். நிலத்தின் மேல் ஒருவர் எழுப்பிய கட்டடமும் விளைவித்த பயிரும் அவருடையவை. ஆனால் வெறும் மண்ணுக்கு வரும் மதிப்பு சமுதாயம் முழுவதும் சேர்ந்து உண்டாக்கியது ஆகையால், அதை நிலவரியாகச் சமுதாயமே பெற வேண்டும் என்பது அவர் வாதம். அதன் வலிமையை மறுக்க முடியாது. மேசனுடைய வாழ்வில் அது ஒரு தனிச் சிறப்பையும் பெறுகிறது: அந்த ஊரில் நூற்றுக்கணக்கான பேறுகளைப் பார்த்த கைகள் அவருடையவை, நிலத்துக்கு விலையேற்றிய மக்கட்பெருக்கில் ஒரு சிறு பங்கு அந்தக் கைகளில்தான் முதல் மூச்சு விட்டது. ஊர் அவரை உயர்த்தியது என்பது உண்மையாயின், அவர் ஊரைப் பெற்றெடுக்க உதவினார் என்பதும் உண்மை. அந்த மண்ணின் முதற்குடிகளான டோங்வா மக்களுக்கோ அந்த ஏற்றத்தில் எப்பங்கும் கிடைக்கவில்லை என்பதையும் இங்கே மறக்கலாகாது.

மேசன் சார்ந்த சமய மரபு இவ்வினாவுக்கு வேறொரு வழியில் விடை தருகிறது. எபிரேய வேதத்தின் லேவியராகமம் 25-ஆம் அதிகாரம், நிலம் கடவுளுடையது, மனிதர் அதில் தங்கிப்போகும் பரதேசிகள், ஆகவே அதை நிரந்தரமாக விற்கலாகாது என்கிறது. ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலி வருடத்தில் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும், அடிமைப்பட்ட இஸ்ரவேலரும் விடுதலை பெற வேண்டும். நிலத்தின் மீட்பும் மனிதரின் மீட்பும் அங்கே ஒரே சட்டத்தில் அடங்கியிருக்கின்றன. இதிலிருந்து கிளைத்ததே தமிழ்க் கிறித்தவர்கள் உக்கிராணத்துவம் என்று வழங்கும் கருத்து: உடைமை என்பது பிறர் பொருளைப் பொறுப்பேற்றுப் பேணும் பணி. அடிமையாகப் பிறந்து, தம் விடுதலையைத் தாமே விலை கொடுத்து வாங்கிய ரிச்சர்ட் ஆலன் என்னும் போதகரின் தலைமையில் 1816-இல் பிலடெல்பியாவில் அமைந்தது ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் திருச்சபை. அதன் முதல் லாஸ் ஏஞ்சலஸ் சபை 1872-இல் கூடியது மேசனின் வீட்டில். சபையின் வரியையும் போதகருக்கான செலவையும் தொடக்கத்தில் அவரே ஏற்றார்.

அவர் கொடுத்த முறையைக் கவனித்தால் ஒப்புரவின் இயல்பு விளங்கும். சிறைப்பட்டவர்களைத் தேடிச் சென்று பார்த்தார்; 1880-களில் வெள்ளம் வந்து குடும்பங்கள் வீடிழந்தபோது, ஒரு மளிகைக்கடையில் தம் பெயரில் கணக்குத் திறந்து, வெள்ளையர் கறுப்பர் என்று பாராமல் யார் வந்தாலும் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தார். பெறுபவர் கொடுப்பவர் முகத்தைப் பார்த்துக் கையேந்தி நிற்க வேண்டியதில்லை. ஊரார் எல்லோரையும் போலக் கடைக்குள் போய்ச் சாமான் வாங்கி வெளியே வந்தால் போதும். ஜார்ஜ் கேட்ட நிலவரி நியாயமானது. ஒருவருடைய நல்ல மனத்தை நம்பி ஒரு நகரின் ஏழைகள் வாழ முடியாது என்பதும் உண்மை. எனினும், வெள்ளையருக்கு எதிரான கறுப்பினத்தவரின் சாட்சியத்தை முன்பு நீதிமன்றத்துக்குள் விடாதிருந்த ஓர் அரசு அன்று நிலவரி தண்டியிருந்தாலும், அது அவர்கள் வாசலுக்கு வந்திருக்குமா என்பது ஐயமே. அரசு கணக்கில் கொள்ளாதவர்களை அந்த மளிகைக் கணக்கு கொண்டது.

மேசன் 1891 ஜனவரி 15 அன்று இறந்து, நகரின் எவர்கிரீன் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். பத்திரங்களில் நிலம் பதிந்திருந்தவர் இறுதியாகப் படுத்த இடத்தில் பெயர்க்கல் இல்லை. 97 ஆண்டுகளுக்குப் பின், 1988-இல், அவர் வீட்டில் தொடங்கிய சபையைச் சேர்ந்த மக்கள் ஆயிரக்கணக்கில் கூடி, நகரின் முதல் கறுப்பின மேயர் டாம் பிராட்லியும் உடன் நிற்க, அங்கே ஒரு கல்லை நாட்டினார்கள்.