திருப்பி அடிக்கும் உரிமை யாருக்கு?

வீட்டுக்குள் புகுந்தவனைத் தடுக்க எவருக்கும் உரிமை உண்டு. அவன் வீடு தேடிப் போய்த் தண்டிக்க உரிமை உண்டா? இணையத் தாக்குதலுக்கு ஆளாகும் தனியார் நிறுவனங்கள் கேட்பது இந்த இரண்டாவதைத்தான். அமெரிக்காவில் பிறர் கணினிக்குள் அனுமதியின்றி நுழைவது 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதில் விலக்குக் கோரி 2017இல் வந்த மசோதா நிறைவேறவில்லை. அதுவே நியாயம் என்பேன். தண்டிப்பவனுக்குக் குற்றவாளி யாரென்று ஐயமறத் தெரிந்திருக்க வேண்டும். 2018 தென்கொரியக் குளிர்கால ஒலிம்பிக்கைத் தாக்கிய நிரலில், வடகொரியக் கைவரிசைபோலத் தோன்றும் தடயங்கள் திட்டமிட்டே பதிக்கப்பட்டிருந்தன. 2020இல் அமெரிக்கா குற்றம் சாட்டியதோ ரஷ்ய ராணுவ உளவுத்துறையினர்மீது. 2016இல் மிராய் என்ற தீநிரல் தாக்குதலுக்குப் பயன்படுத்தியவை, யார் யாருடைய வீடுகளிலோ இருந்த கண்காணிப்புக் கேமராக்களும் ரவுட்டர்களும். திருப்பி அடித்திருந்தால் அடி அந்த அப்பாவிகள்மேல்தான் விழுந்திருக்கும்.

'காவல்துறை கையைப் பிசைந்து நிற்கும்போது நாங்கள் பொறுத்துக்கொண்டே இருப்பதா?' என்ற கேள்வியில் வலு இருக்கிறது. ஆனால் அது அரசை முடுக்கிவிடுவதற்கான வாதம். அரசின் இடத்தில் உட்காருவதற்கான வாதமாகாது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியானால் பாரபட்சம் தவிர்க்க முடியாதது, அதனால்தான் மனிதருக்கு அரசு தேவைப்பட்டது என்றார் தத்துவஞானி ஜான் லாக். 2014இல் மைக்ரோசாஃப்ட், தீநிரல் பரப்புவோரைத் தடுக்க, நீதிமன்ற ஆணையோடு நோ-ஐபி என்ற இணையச் சேவை நிறுவனத்தின் இணைய முகவரிகளைக் கையகப்படுத்தியபோதே, குற்றமற்ற ஏராளமானோரின் சேவை அறுந்துபோனது. ஆணையும் இல்லாமல், ஆத்திரம் மட்டுமே துணையாக இறங்கினால் சேதத்துக்கு யார் பதில் சொல்வது? தன் கணினிகளுக்குள் காவலை எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்கலாம். அதைத் தாண்டிக் கை நீட்டுவதற்கு, தவறினால் பொறுப்பேற்கும் ஓர் அரசின் ஆணை வேண்டும்.